கரியமில வாயுவும் ஒரு வினைமுற்றும்

தமிழில் ஒரு வாக்கியத்தின் பொறுப்பு முழுவதும் அதன் கடைசிச் சொல்லில் வந்து இறங்குகிறது. எழுவாய் எவ்வளவு கம்பீரமாகத் தொடங்கினாலும், இடையில் அடைமொழிகள் எத்தனை அணிவகுத்து நின்றாலும், 'ஆகிறது' என்று முடிகிறதா 'ஆகலாம்' என்று முடிகிறதா என்பதைக் கொண்டே சொன்னவரைப் பிடிக்க முடியும். 'காட்டுகிறது', 'உணர்த்துகிறது', 'நிறுவுகிறது' என்னும் மூன்று வினைமுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவைப் பல ஆண்டுகளாக முதுகலை வகுப்பில் சொல்லி வருகிறோம். 'உணர்த்துகிறது' என்று எழுத வேண்டிய இடத்தில் மாணவர் 'நிறுவுகிறது' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவது நம் வழக்கம்.

அந்தத் தொலைவை நமக்கு மறுபடியும் அளந்து காட்டியது இலக்கியப் பிரதி ஒன்று அன்று. நானோ துகள்கள் கலந்த திரவத்தைக் கொண்டு கரியமில வாயுவைப் பிடிப்பது பற்றிய ஒரு கணினி மாதிரி; அதன் ஒன்றரைப் பக்க ஆய்வுச் சுருக்கம்.

நண்பர்கள் வியப்படைய வேண்டாம். பொறியியல் ஆய்வேடுகளின் முகப்பில் ஆங்கிலச் சுருக்கத்தோடு தமிழ்ச் சுருக்கமும் இடம்பெறும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் நடைமுறையில், ஏட்டைக் கட்டுவதற்குக் கொடுக்கும் முந்தைய வாரத்தில் தெரிந்த தமிழாசிரியர் ஒருவரைத் தேடிப் பிடிக்கும் சடங்காகவே அது முடிகிறது. அப்படி நம்மிடம் வந்து சேர்ந்தவர்தாம் அந்த வேதிப்பொறியியல் ஆய்வாளர். பொருள் விளங்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றித் தருவதில்லை என்பது நம் பிடிவாதம். ஆகவே அவர் நான்கு மாலைப் பொழுதுகளை நமக்காகச் செலவிட வேண்டியதாயிற்று. அவர் சொல்லி நாம் விளங்கிக்கொண்டதையும், பின்னர் தேடிப் படித்ததையும் இங்கே நம் மொழியில் தருகிறோம்.

*

நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவில் கரியமில வாயு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு. மிச்சத்தின் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். இந்தக் கலவையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

இதற்கான வழி புதியதன்று. 1930இலேயே ஆர். ஆர். பாட்டம்ஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். அமீன் என்னும் வேதிப்பொருளை நீரில் கரைத்து ஓர் உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒழுகவிடுகிறார்கள். கீழிருந்து வாயு மேலேறுகிறது. ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அமீன், கரியமில வாயுவைக் கைப்பிடித்துக்கொள்கிறது. பின்னர் அந்தக் கரைசலை மற்றொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 பாகை அளவுக்குச் சூடேற்றினால் பிடித்த கையை விட்டுவிடுகிறது. வாயு தனியே போகிறது. கரைசல் மீண்டும் முதற் கோபுரத்துக்குத் திரும்புகிறது.

பிடிப்பது எளிது, விடுவிப்பதில்தான் செலவு. பரவலாகப் பயன்படும் மோனோஎத்தனால் அமீன் கரைசலில் ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 கிகாஜூல் வரை வெப்பம் வேண்டும். ஒரு நிலக்கரி மின்நிலையம் தன் புகையைத் தூய்மை செய்யத் தன் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ இழக்க நேரும் என்று பொருள். இருந்தும் முறை நடைமுறையில் உள்ளது. நார்வே நாட்டின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் அமீன் கொண்டு பிரித்த கரியமில வாயுவை, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்ற கணக்கில், வடகடலின் அடித்தரைக்குக் கீழே செலுத்தத் தொடங்கினார்கள். கனடாவின் பவுண்டரி டாம் அனல்மின் நிலையத்தில் 2014இல் இம்முறை செயலுக்கு வந்தது.

கோபுரம் சிறியதாக வேண்டும், கரைசல் குறைய வேண்டும், வெப்பச் செலவு இறங்க வேண்டும். இவற்றுக்கான தேடலில்தான் நானோ துகள் நுழைகிறது.

நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். சில பத்து நானோமீட்டர் பருமனுள்ள துகள்களை ஒரு திரவத்தில் மிதக்கவிட்டால் கிடைப்பதற்கு, 1995இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் 'நானோ திரவம்' என்று பெயர் வைத்தார். அவர் தேடியது வெப்பத்தை விரைவாகக் கடத்தும் திரவத்தை. சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸும் தலப்பில் பிரதீப்பும் சோய், வென்ஹுவா யூ ஆகியோரோடு சேர்ந்து 2007இல் இத்துறைக்கென ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். வெப்பத்தை விரைவாகக் கடத்தும் திரவம் வாயுவையும் விரைவாக உள்வாங்குமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது இயல்பே.

உள்வாங்கும் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. வாயுவும் திரவமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் திரவத்தின் பக்கம் அசைவற்ற ஒரு மெல்லிய படலம் இருப்பதாகக் கொள்வது 1923இல் விட்மன் முன்வைத்த கோட்பாடு. வாயு உள்ளே நுழைவதற்கான தடையின் பெரும்பகுதி அப்படலத்தில்தான். துகள் அந்தப் படலத்துக்குள் வந்து வாயு மூலக்கூறுகளைத் தன் மேனியில் ஒட்டவைத்துக்கொண்டு, ஆழத்துக்குச் சென்று இறக்கிவிட்டு, மீண்டும் கரைக்கு வருகிறது. ஓடக்காரரின் வேலை. இது முதற்காரணம். துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பதால் படலமே கலைந்து மெலிகிறது என்பது இரண்டாவது. 1827இல் ராபர்ட் பிரவுன் உருப்பெருக்கியில் கண்டு, 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டு விளக்கிய அதே துடிப்பு. குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகாமல் துகள்கள் தடுக்கின்றன என்பது மூன்றாவது. முழு வெல்லக்கட்டியைவிடப் பொடித்த வெல்லம் விரைவில் கரைவதைப் பாகு காய்ச்சியவர் அறிவர். சிறு குமிழிகளின் கூட்டத்துக்குப் பரப்பு அதிகம்.

ஆனால் துகளைக் கூட்டக் கூட்டப் பயன் கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் அளவைத் தாண்டினால் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரள்கின்றன, திரவம் தடிக்கிறது, உறிஞ்சல் குறைகிறது. அந்த அளவு எது என்று கண்டறிவதே நம் ஆய்வாளரின் தலைப்பு.

*

அவரிடம் கோபுரமும் இல்லை, அமீனும் இல்லை. துறையின் மூலையில் ஒரு கணினி இருந்தது. முடியைப் போல் மெலிந்த, உள்ளீடற்ற இழைகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட ஒரு சவ்வுக் கருவி. இழைக்குள்ளே வாயு, வெளியே நானோ திரவம். இடையே நுண்துளைச் சுவர். அந்தக் கருவியைப் போன்றவற்றில் பிறர் செய்து வெளியிட்ட சோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் இழையைக் கணினிக்குள் கட்டியிருந்தார். இழையையும் அதைச் சுற்றிய திரவத்தையும் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டத்தோடு வந்தது எவ்வளவு, விரவி வந்தது எவ்வளவு, வேதிவினையில் கரைந்தது எவ்வளவு என்று வகைக்கெழுச் சமன்பாடுகள் வழியே கணக்கிடச் செய்திருந்தார். வரவு செலவுக் கணக்கு என்றால் பொருந்தும். எந்தக் கட்டத்திலும் ஒரு மூலக்கூறுகூடக் கணக்கில் வராமல் தொலைந்துவிடக் கூடாது.

இந்த மரபு கணினிக்கும் முந்தியது. கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடேறும் என்று ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ் 1896இல் வெளியிட்ட கட்டுரை, பல மாதங்கள் காகிதத்தில் கையால் போட்ட கணக்கு. உலகத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிட்டார். ஐந்தாறு பாகை ஏறும் என்பது அவர் கண்ட விடை. காலநிலைக்கான பன்னாட்டு அரசுக்குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை தரும் சிறந்த மதிப்பீடு 3 பாகை. அளவில் அவர் மிகைபடச் சொன்னார், திசையில் தவறவில்லை. ஒரு மாதிரியிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்கவில்லை.

மாதிரி என்ற சொல்லைப் பற்றியே இரண்டாம் மாலை கழிந்தது. துணிக்கடையில் காட்டும் மாதிரித் துண்டு முழுத் துணியின் ஒரு பகுதி. கணினி மாதிரி எதன் பகுதியும் அன்று. அதில் ஈரம் இல்லை, வெப்பம் இல்லை, வாயு இல்லை, எண்கள் மட்டுமே. அப்படியானால் அதற்கும் உண்மைக் கருவிக்கும் என்ன உறவு? நமக்குத் தெரிந்த ஒரே விடை, உவமை.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் வகுத்திருக்கிறார். மெய் வடிவம் பற்றியது. உரு நிறம் பற்றியது. பயன் விளைவு பற்றியது. வினை செயல் பற்றியது. பொம்மைத் தேர் கோயில் தேருக்கு மெய்யுவமம். கணினி மாதிரியோ வினையுவமம். அது கருவியைப் போல் தோன்றுவதில்லை. கருவியைப் போல் நடந்துகொள்கிறது. ஓட்டத்தைக் கூட்டினால் கருவியில் என்ன நேருமோ அது மாதிரியிலும் நேர வேண்டும். இதைச் சொன்னபோது ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை ஐயா" என்றார். தொல்காப்பியர் சார்பில் நாம் மகிழ்ந்துகொண்டோம்.

ஆனால் உவமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. முகத்தை நிலவு என்கிறவர் நிலவின் ஒளியையும் வட்டத்தையும் எடுத்துக்கொள்கிறார். களங்கத்தையும் தேய்பிறையையும் விட்டுவிடுகிறார். விடாமல் உவமை இல்லை. கேட்பவருக்கு எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பது தெரிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது உயிர் வாழ்கிறது. அந்தத் தெளிவு குலைந்தால் உவமை பொய்யாகிவிடும்.

*

மூன்றாம் மாலை, அவரே எழுதிக் கொண்டுவந்திருந்த தமிழ் வரைவின் கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: "நானோ திரவம் உறிஞ்சுதிறனைப் பெரிதும் உயர்த்தும் என்பதை இம்மாதிரி ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கிறது."

"தம்பி, துகள் எவ்வளவு உதவுகிறது என்பதை மாதிரி எப்படி அறிகிறது?" என்று கேட்டோம்.

அதற்கென ஒரு சூத்திரம் இருப்பதாகச் சொன்னார். அதில் சில மாறிலிகள். அவை கோட்பாட்டிலிருந்து பிறந்தவை அல்ல; பிறருடைய சோதனைப் புள்ளிகளின் மேல் கோடு சரியாக விழும்வரை சரிசெய்யப்பட்ட எண்கள். பிறகு அதே சோதனைகளோடு மாதிரியை ஒப்பிட்டால் மிக நன்றாகப் பொருந்துகிறது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? வினாத்தாள் தயாரித்தவரே விடையும் எழுதி மதிப்பெண்ணும் இட்டுக்கொண்டதைப் போல் இருந்தது.

மேலும் கேட்டோம். சோதனைகள் ஒரு குறிப்பிட்ட துகள் அளவுவரை மட்டுமே செய்யப்பட்டவை. மாதிரியின் வரைபடமோ அதற்கப்பாலும் நீண்டு சென்றது. சோதனைகளில் அறை வெப்பநிலையில் ஒரு நாள் இயங்கிய திரவம். தொழிற்சாலையில் அது 40க்கும் 120க்கும் இடையே நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்க வேண்டும். மாதிரிக்குள் துகள்கள் எல்லாம் ஒரே பருமனுள்ள உருண்டைகள். அவை திரள்வதில்லை, அடியில் படிவதில்லை. இழையின் நுண்துளைகளுக்குள் திரவம் ஒருநாளும் கசிவதில்லை. இவை அனைத்தும் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் எடுகோள்கள் என்ற தலைப்பின் கீழ் ஒழுங்காகப் பட்டியலிடப்பட்டிருந்தன. சுருக்கத்தில்தான் ஒன்றும் இல்லை. நிலவு இருந்தது, களங்கம் இயல் மூன்றில் இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆய்வு உதவித்தொகை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கேள்விகள். வலுவான வாக்கியம் இல்லாத சுருக்கத்தை யார் மதிப்பார்கள் என்று நெறியாளரும் சொல்லியிருந்தார். "சோதனைக் கருவி வாங்கப் பணம் இல்லாதவன் மாதிரிதான் செய்ய முடியும் ஐயா. நூறு வகைத் துகளை ஆய்வகத்தில் சோதிக்க எத்தனை ஆண்டு ஆகும்? கணினியில் ஒரு மாதம். அதற்காகவாவது மதிப்பு வேண்டாமா?" என்றவர், சற்று நிறுத்தி, "உங்கள் துறையில் மட்டும் எல்லாவற்றுக்கும் சோதனை இருக்கிறதா? சங்க காலம் என்று தேதி சொல்கிறீர்களே, எந்த ஆய்வகத்தில் பார்த்தீர்கள்?" என்றார்.

அந்தக் கேள்வி நமக்கு மிகவும் பிடித்திருந்தது. சிலப்பதிகாரத்தில் வரும் இலங்கை மன்னன் கயவாகுவும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் கஜபாகுவும் ஒருவரே என்று கொண்டால் சேரன் செங்குட்டுவனின் காலம் கிடைக்கிறது. அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணி மற்ற மன்னர்களுக்கும் புலவர்களுக்கும் காலம் வைக்கலாம். தமிழ் இலக்கிய வரலாற்றின் பெரும் மாளிகை ஒன்று இந்த ஒற்றைத் தூணின் மேல் நெடுங்காலம் நின்றிருக்கிறது. அதுவும் ஒரு மாதிரிதான். எடுகோள் ஒன்று, கணக்கு பல. அதைப் பயன்படுத்தியவர்கள் தவறு செய்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். வேறு கயிறு இல்லாத கிணற்றில் இருக்கிற கயிற்றைத்தான் விட வேண்டும். ஆனால் 'கயவாகு கணக்கை ஏற்றுக்கொண்டால்' என்ற மூன்று சொற்களை எழுதிய நூலும் எழுதாத நூலும் ஒன்றல்ல. முதலாவதைப் படிக்கும் மாணவர் நாளை ஒரு புதிய கல்வெட்டு கிடைத்தால் எந்தச் செங்கல்லை உருவ வேண்டும் என்று அறிவார். இரண்டாவதைப் படித்தவர் மாளிகையையே நம்பியிருப்பார்.

இதைச் சொன்னோம். அவர் மறுமொழி சொல்லாமல் எழுந்து போனார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். சோதனைப் புள்ளிகளில் ஒரு பகுதியை மாதிரியின் கண்ணில் காட்டாமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு மாறிலிகளைச் சரிசெய்து, பிறகு ஒளித்துவைத்த புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். பிழை முன்னைவிடக் கூடியிருந்தது. ஆனால் துகள் குறைவாக உள்ளபோது உறிஞ்சல் ஏறுவதும், ஓர் அளவுக்குப் பின் இறங்குவதும் அப்படியே நின்றன. திசை உறுதி, அளவு உறுதியில்லை. "அரீனியஸ் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார்.

வாக்கியத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். "துகள்கள் திரளாத நிலையில், சோதனைகள் நிகழ்ந்த அளவெல்லைக்குள், நானோ திரவம் உறிஞ்சுதிறனை உயர்த்தும் என்று இம்மாதிரி கணிக்கிறது." நிரூபிக்கிறது போய்க் கணிக்கிறது வந்தது. நெறியாளர் முகம் சுளித்தாராம்; பிறகு ஆங்கிலச் சுருக்கத்திலும் அதற்கிணங்க ஒரு சொல்லை மாற்றினாராம். வாய்மொழித் தேர்வில் தமிழ்ப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. பட்டம் கிடைத்தது.

*

ஒரு வினைமுற்றுக்கு இவ்வளவு வழக்கா என்று நண்பர்கள் கேட்கலாம். நானோ திரவத்தின் சொந்த வரலாறே இதற்கு விடை சொல்கிறது.

சோய் பெயர் சூட்டியபின் வந்த ஆண்டுகளில், துகள் சிறிதே கலந்தாலும் திரவத்தின் வெப்பக் கடத்துதிறன் பழைய கோட்பாடுகள் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக உயர்கிறது என்று பல ஆய்வுகள் அறிவித்தன. விந்தையை விளக்கப் புதுப்புது மாதிரிகள் பிறந்தன. ஒவ்வொன்றும் தனக்கு உகந்த சோதனையோடு அழகாகப் பொருந்தியது. இறுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள் கூடி ஒரு முடிவு செய்தன. ஒரே மாதிரியான திரவங்களை எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் கருவியில் அளந்து, முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பது. 2009இல் வெளியான அந்தக் கூட்டு ஆய்வு, தான் அளந்த திரவங்களில் விந்தை எதையும் காணவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாக்ஸ்வெல் வகுத்த கோட்பாட்டின் வழிவந்த கணக்கே அளவீடுகளுக்குப் போதுமானதாக இருந்தது.

நானோ திரவம் வீண் என்று இதற்குப் பொருளன்று. விளக்க வேண்டிய நிகழ்வு உண்டா என்று உறுதிசெய்வதற்கு முன்பே விளக்கங்கள் நிரம்பிவிட்டன என்பதே பொருள். 'நிரூபிக்கிறது' என்ற சொல்லை ஒருவர் எழுதினால் அடுத்தவர் அதன்மேல் கட்டுகிறார். மூன்றாமவர் இரண்டாமவரை மேற்கோள் காட்டுகிறார். உரைக்கு உரை கண்டவர்கள் மூலத்தை மறந்த கதைகளை நம் மரபும் அறியும்.

கரியமில வாயுவில் இந்த மறதிக்கு விலை அதிகம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளவெடுக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் அது ஏறத்தாழ 315. 2024ஆம் ஆண்டின் சராசரி 424ஐத் தாண்டியது. எரிபொருள்களிலிருந்து உலகம் ஓராண்டில் வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன். உலகெங்கும் உள்ள பிடிப்பு ஆலைகளின் மொத்தக் கொள்திறன் 5 கோடி டன் அளவே. இந்த இடைவெளியை வருங்காலத் தொழில்நுட்பம் நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையில் அரசுகள் திட்டமிடுகின்றன, ஆலைகள் நீட்டிக்கப்படுகின்றன. அந்த நம்பிக்கையின் அடியில் இருப்பவை பெரும்பாலும் மாதிரிகள். கணினிக்குள் ஒரே ஓர் இழையில் கூடிய உறிஞ்சலை ஒருவர் 'நிரூபணம்' என்று எழுதி, அதை இன்னொருவர் கொள்கை அறிக்கைக்கு எடுத்துச் சென்றால், எங்கோ ஒரு புகைபோக்கிக்கு இன்னும் பத்தாண்டு ஆயுள் கூடலாம்.

எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. தூத்துக்குடியில் உள்ள காரப்பொருள், உரத் தொழிற்சாலை ஒன்றில் 2016இல் ஒரு பிடிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் வகையில், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரு இளைஞர்கள் நிறுவிய குழுமத்தின் கரைசலைக் கொண்டு, அரசு மானியம் இல்லாமல் அமைக்கப்பட்டதாக உலகச் செய்தியாயிற்று. பிடித்த வாயுவைப் புதைக்கவில்லை. சோடா உப்பு செய்யப் பயன்படுத்தினார்கள். மெச்சத்தக்க செயல், ஐயமில்லை.

கணக்கை ஆலையின் மதிற்சுவரோடு நிறுத்தினால் வாயு பிடிபட்டுவிட்டது. சோடா உப்பு கண்ணாடி ஆலைக்குப் போனால், அங்கே மணலோடும் சுண்ணாம்புக் கல்லோடும் உலையில் உருகும்போது அதற்குள் இருந்த கரியமில வாயு மீண்டும் வானேறுகிறது. எனவே அது சிறையன்று; சிறிது காலம் தங்கிச் செல்லும் சத்திரம். ஆனாலும் பயன் இல்லாமல் இல்லை. அந்த வாயுவுக்காகத் தனியே வேறெதையும் எரிக்க வேண்டியிராமல் போயிற்றே! ஒரே ஆலை, மதிலுக்குள் ஒரு விடை, மதிலுக்கு வெளியே வேறொரு விடை. இரண்டும் சரியான விடைகளே, கோடு எங்கே வரையப்பட்டது என்பதைச் சொல்லும்வரை.

நானோ திரவ மாதிரியின் மதில் இன்னும் குறுகியது. ஓர் இழை, ஒரு படலம், ஒரு சில நொடிகள். அதற்குள் கணக்கு மிக நேர்மையாக ஓடுகிறது. துகளைத் தயாரிக்க ஆன செலவு, திரவத்தைத் தள்ளும் எக்கியின் மின்சாரம், 120 பாகையில் துகளின் கதி, வடிகட்ட முடியாமல் கழிவுநீரோடு போகும் துகள் என்பவை எல்லாம் மதிலுக்கு வெளியே காத்து நிற்கின்றன. அவற்றை உள்ளே அழைக்கும் மாதிரிகளும் வரத்தான் செய்யும். அவற்றுக்கும் ஒரு மதில் இருக்கும். மதில் இல்லாத மாதிரி உலகமே. அதை ஒருமுறைதான் ஓட்டிப் பார்க்க முடியும்.